மஞ்சள் தேமலும் மருந்துக் கடையும்

உளுந்து வயலில் மஞ்சள் தேமல் தென்பட்டதும் முதலில் போவது மருந்துக் கடைக்குத்தான். எத்தனை ஏக்கர் என்று கடையில் கேட்பார்கள். விதைத்து எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்பவர்கள் குறைவு. கொடுக்கும் மருந்து பயன் தருமா தராதா என்பதை முடிவு செய்வதோ அந்த இரண்டாவது கேள்விதான்.

வைரஸ் நோய்க்கு மருந்து கிடையாது. மஞ்சளான செடி மறுபடி பச்சையாகாது. தெளிப்பதெல்லாம் வைரஸைச் சுமக்கும் வெள்ளை ஈயைக் கொல்வதற்கு. ஈ செத்தால் நோய் நிற்கும் என்ற கணக்கில் பாதி உண்மை உண்டு. நோயுற்ற செடியில் ஈ உறிஞ்சும் சாற்றோடு வைரஸும் அதன் குடலுக்குள் போய், உடல் முழுக்கச் சுற்றி, உமிழ்நீர்ச் சுரப்பியை அடைகிறது. இதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். அதன்பின் பல நாள் அந்த ஈ உட்காரும் செடிக்கெல்லாம் நோயைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அந்தச் சில மணி நேர இடைவெளிதான் பூச்சிக்கொல்லிக்குக் கிடைக்கும் வாய்ப்பு. வயலுக்குள்ளேயே வைரஸை எடுத்து அடுத்த செடிக்குப் போகவிருக்கும் ஈயை அதற்குள் கொன்றுவிடலாம். பக்கத்து வயலிலிருந்து வைரஸோடு பறந்து வரும் ஈயின் கதை வேறு. மருந்து பட்ட இலையில் உட்கார்ந்து அது சாவதற்குள் சில நிமிடம் உறிஞ்சினால் போதும், நோய் செடிக்குள் இறங்கிவிடும். ஆகவே தெளிப்பு உள்ளூர்ப் பரவலைக் குறைக்கும். வெளியிலிருந்து வருவதை நிறுத்தாது.

காவிரிப் படுகையில் நெல் தரிசு உளுந்தை எடுத்துக்கொள்வோம். தையில், சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், நிற்கிற நெல்லுக்குள்ளேயே ஈரத்தில் விதையை வீசுகிறார்கள். அதன்பின் பெரும்பாலும் வயலுக்குள் வேலை இல்லை: களையெடுப்பு அரிது, பாசனம் அரிது. எழுபது நாளில் அறுவடை. இந்தப் பயிரில் முதல் மூன்று, நான்கு வாரத்துக்குள் தேமல் வந்தால் காய் பிடிப்பதே சந்தேகம். பூத்துக் காய் பிடித்த பிறகு வந்தால் இழப்பு மிகக் குறைவு. கண்ணுக்கு இரண்டும் ஒரே மஞ்சள்தான். நாற்பத்தைந்தாம் நாளில் மஞ்சளைப் பார்த்துப் பதறி அடிக்கும் மருந்தில் பெரும்பகுதி கடைக்காரருக்கு மட்டுமே விளைச்சல்.

இந்தக் கோணத்தில் விதை நேர்த்தி நல்ல யோசனை. இமிடாகுளோப்ரிட் பூசிய விதை முளைத்து வரும்போது மருந்து சாற்றோடு செடிக்குள் ஏறுகிறது. செடி நோய்க்கு அதிகம் இளகியிருக்கும் அந்த முதல் வாரங்களில்தான் அது வேலை செய்கிறது. இலையின் அடிப்பக்கம் ஒட்டிக்கிடக்கும் குஞ்சுகளைக் கைத்தெளிப்பான் எட்டுவது கடினம். சாற்றில் ஓடும் மருந்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. வீசி விதைத்துவிட்டு வீட்டுக்குப் போகும் தரிசு உளுந்துக்கு இதைவிடப் பொருத்தமான பூச்சிக்கொல்லி முறை எனக்குத் தெரியவில்லை.

அதற்காக இதைக் குறையற்றது என்று சொல்வதற்கில்லை. விதையில் பூசியதில் செடி எடுத்துக்கொள்வது சிறு பங்கு. மீதி மண்ணில் தங்குகிறது. தேனீக்களுக்கு ஏற்படும் கேட்டைக் காரணம் காட்டி ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் இமிடாகுளோப்ரிட் உள்ளிட்ட மூன்று மருந்துகளைத் திறந்தவெளிப் பயிர்களில் தடைசெய்தது. நோய் வருமா வராதா என்று தெரியுமுன்பே எல்லா விதைக்கும் பூசுவது, தேவைப்பட்டால் மட்டும் மருந்து என்ற ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மையின் அடிப்படைக்கே முரண். இவ்வளவும் தெரிந்தும், வழக்கமாகத் தேமல் வரும் ஊரில், விதையோடு ஒருமுறை என்பதை ஏற்கலாம் என்றே நினைக்கிறேன். விதையிலும் பூசி, பிறகு அதே வகை மருந்தையே மூன்று முறை தெளிப்பதைத்தான் ஏற்க முடியாது. வெள்ளை ஈ எதிர்ப்புத்திறனை வேகமாக வளர்த்துக்கொள்ளும் பூச்சி. 1980-களின் நடுவில் ஆந்திரப் பருத்தி வயல்களில் காய்ப்புழுவுக்கு அடித்த செயற்கைப் பைரித்ராய்டுகள் வெள்ளை ஈயின் இயற்கை எதிரிகளை ஒழித்து, அதைப் பெருக்கிவிட்டன. 2015-ல் பஞ்சாப் பருத்தியில் திரும்பத் திரும்ப மருந்தடித்தும் ஈ அடங்காமல், விவசாயிகள் ரயில் மறியலில் இறங்கினார்கள்.

பூச்சி செத்தால் நோய் நிற்கும் என்று உளுந்தில் ஓரளவு செல்லுபடியாகும் கணக்கு பப்பாளியில் முற்றிலும் தவறிவிடுகிறது. பப்பாளி வளையப்புள்ளி வைரஸைப் பரப்புவது அசுவினி. ஆனால் அசுவினி பப்பாளியில் குடியிருப்பதில்லை. வழியில் இறங்கி, இலையைக் குத்திச் சுவை பார்த்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விடுகிறது. வைரஸ் அதன் ஊசிவாயின் நுனியில் ஒட்டிக்கொண்டு போகிறது. எடுப்பதற்கும் கொடுப்பதற்கும் சில நொடிகள் போதும். எந்த மருந்தும் அந்த வேகத்தில் கொல்வதில்லை. வரப்போரம் அடர்த்தியாக மக்காச்சோளம் நட்டால் அசுவினி முதலில் அதைக் குத்தி வாயில் இருப்பதை அங்கே இறக்கிவிடும் என்பதால் பயன் அதிகம். இரண்டு நோய்க்கும் ஒரே பாட்டிலை எடுத்துக் கொடுக்கும் பழக்கம் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதே இல்லை.

மஞ்சள் ஒட்டுப்பொறி பற்றி ஒரு வரி: ஈ வரத் தொடங்கிவிட்டதா என்று அறிய அது நல்ல கருவி, ஈயை ஒழிக்கும் கருவி என்று விற்பது சரியல்ல.

நோயுற்ற செடியைப் பிடுங்குவதிலும் காலம் முக்கியம். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும்போது பிடுங்கினால் பலன் உண்டு. அதிலும், செடியை அசைத்ததும் ஈக்கள் எழும்பி நல்ல செடிகளுக்குப் போய்விடும் என்பதால், பிடுங்குமுன் தெளிப்பதே முறை. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

எதிர்ப்பு ரகங்களே இருப்பதில் மலிவான வழி. புதுக்கோட்டை மாவட்டம் வம்பனிலுள்ள பயறு ஆராய்ச்சி நிலையம் தந்த வம்பன் 6, வம்பன் 8 போன்றவை தேமலைத் தாங்குகின்றன. தரிசு நிலத்துக்கு ஏற்றது என்று படுகையில் நெடுங்காலம் விரும்பி விதைத்த ஆடுதுறை 3 தாங்குவதில்லை. ஆனாலும் ரகத்தை மட்டும் நம்பி இருந்துவிட முடியாது. வட இந்தியாவில் பெருமளவு காணப்படும் தேமல் வைரஸும் தெற்கில் காணப்படுவதும் தனித்தனி இனங்கள்; ஓரிடத்தில் தாங்கும் ரகம் மற்றோரிடத்தில் தாங்கும் என்பதற்கு உறுதியில்லை. வெண்டையில் காட்டு இனத்திலிருந்து எதிர்ப்புத்திறனை வாங்கி உருவாக்கிய அர்க்கா அனாமிகாவும் பர்பனி கிராந்தியும் சில ஆண்டுகள் நின்று, பிறகு மஞ்சள் நரம்புத் தேமலுக்கு வழிவிட்டன.

மேலே சொன்ன முறைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. அவை அவரவர் வயலை அவரவர் காப்பதாக எண்ணுகின்றன. ஈக்கு வரப்பு தெரியாது. தரிசு உளுந்து முற்றும்போது பக்கத்தில் கோடைப் பயறு முளைத்தால், அறுவடையாகும் வயலிலிருந்து வைரஸ் நேரே இளம்பயிருக்குப் போகிறது. வெயில் ஏற ஏற ஈயும் பெருகுவதால் அடி வாங்குவது கோடைப் பயிர்தான். டொமினிக்கன் குடியரசில் தக்காளி இலைச்சுருட்டை வைரஸ் தொழிலையே முடக்கியபோது, 1990-களின் நடுவில், ஆண்டுக்கு 90 நாள் வெள்ளை ஈ விரும்பும் பயிர் எதையும் வயலில் வைக்கக் கூடாது என்று சட்டமே போட்டார்கள், தக்காளி மீண்டது. சிறு விவசாயி நிறைந்த நம் படுகையில் மூன்று மாதம் வயலைச் சும்மா போடச் சொல்வது நியாயமில்லை. கோடைப் பயறை நம்பிக் குடும்பம் நடத்துபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு வாய்க்கால் பாசனப் பகுதியில் விதைப்பை பத்து, பதினைந்து நாளுக்குள் சேர்ந்து முடிப்பது எட்டாத காரியமல்ல. தண்ணீர் முறை வைப்பதில் ஏற்கெனவே அப்படித்தான் கூடிப் பேசுகிறார்கள்.

வேளாண்துறைக்கு ஒரு வேண்டுகோள். தேமல் வந்தபின் எந்த மருந்து என்று துண்டறிக்கை கொடுப்பதைவிட, மார்கழி முடிவதற்குள் எதிர்ப்பு ரக விதையை நேர்த்தி செய்தே ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் கிடைக்கச் செய்யுங்கள். தையில் விதை கையில் இல்லாவிட்டால், கடையில் கிடைத்ததைத்தான் வீசுவார்கள்.