ஹெய்ன்ஸ் எந்த இடத்தில் தோற்றார்?

சினிமாவில் வந்த டென்னிஸ் ஆட்டங்களில் எது சிறந்தது என்று கேட்டால், 1951-இல் வெளியான ஹிட்ச்காக்கின் ‘ஸ்டிரேஞ்சர்ஸ் ஆன் எ ட்ரெயின்’ படத்தில் வரும் ஃபாரஸ்ட் ஹில்ஸ் ஆட்டத்தைத்தான் சொல்வேன். எதிராளி ரெனால்ட்ஸாக நடித்த ஜாக் குஷிங்ஹாம் நிஜமான டென்னிஸ் வீரர். அதனால் பந்து போகிற வேகமும் கால்கள் நகரும் விதமும் நம்பும்படி இருக்கின்றன.

நாயகன் ஹெய்ன்ஸுக்கு அன்று ஜெயிப்பது மட்டும் போதாது, சீக்கிரம் ஜெயிக்க வேண்டும். அவருடைய மனைவியைக் கொன்ற புரூனோ, அந்தப் பழியை அவர்மேலேயே போட அவருடைய சிகரெட் லைட்டரோடு கொலை நடந்த ஊருக்குக் கிளம்பிவிட்டான். வழக்கமாக ஹெய்ன்ஸ் பொறுமைக்காரர், எதிராளி தவறும்வரை காத்திருப்பவர். அன்று முதல் பந்திலிருந்தே அடித்து ஆடுகிறார். அவர் பாணியே தலைகீழாக மாறிவிட்டதே என்று வர்ணனையாளர் வியக்கிறார்.

முடிவு சரியானதுதான். புல்தரையில் பந்து எழும்பாமல் வழுக்கிக்கொண்டு போகும். சர்வீஸ் போட்ட கையோடு வலைக்கு ஓடுகிறவனுக்கே அந்தக் காலத்து ஃபாரஸ்ட் ஹில்ஸ் சாதகம். ஆனால் அங்கே டை-பிரேக் வந்தது 1970-இல்தான். அதற்கு முன்பு இரண்டு கேம் வித்தியாசம் வரும்வரை செட் நீண்டுகொண்டே போகலாம், அவசரக்காரனுக்கு அது நரகம். நேர் செட்களில் முடிக்கப் பார்க்கும் ஹெய்ன்ஸ், இடையில் ஒரு செட்டை விட்டுவிடுகிறார். அதே நேரத்தில் இன்னொரு ஊரில் புரூனோவின் கையிலிருந்து லைட்டர் நழுவிச் சாக்கடைக்குள் விழுகிறது. கம்பிகளுக்கு நடுவே அவன் விரல்கள் அதைத் துழாவுகின்றன. இங்கே ஒரு பாயின்ட், அங்கே அரை அங்குலம் என்று மாற்றி மாற்றிக் காட்டி நம் மூச்சைப் பிடித்து வைத்துவிடுகிறார் ஹிட்ச்காக்.

இந்தப் படத்துக்கு மூலமான நாவலில் டென்னிஸே கிடையாது. பாட்ரீசியா ஹைஸ்மித் 1950-இல் வெளியிட்ட முதல் நாவல் அது. அதில் ஹெய்ன்ஸ் ஒரு கட்டிடக் கலைஞர். படத்து ஹெய்ன்ஸ் கடைசிவரை கை கறைபடாமல் தப்பிக்கிறார். நாவலின் ஹெய்ன்ஸ் தப்பவில்லை, கொலை செய்கிறார். துப்பறியும் கதை என்று நினைத்துக் கையில் எடுத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். யார் கொன்றார்கள் என்பது நமக்கு முன்பே தெரியும். ரயிலில் சந்திக்கும் இருவரில் ஒருவன், ‘உன் மனைவியை நான் கொல்கிறேன், என் அப்பாவை நீ கொல்’ என்கிறான். மற்றவர் அதைப் பொருட்படுத்தாமல் இறங்கிப் போகிறார். மனைவி கொல்லப்படுகிறாள். அதன் பிறகு கதை ஊர்ந்துதான் போகிறது.

ஊர்ந்து போகிற அந்தப் பக்கங்களைத்தான் விளையாட்டுக்காரர்கள் படிக்க வேண்டும் என்று சொல்கிறேன். எந்தப் பயிற்சியாளரும் ஒரு பார்வையில் அடையாளம் கண்டுகொள்வார், அது பேஸ்லைன் ஆட்டம். புரூனோ எங்கேயும் ஸ்மாஷ் அடிப்பதில்லை. கடிதம் வருகிறது, அடுத்து இன்னொரு கடிதம். தன் அப்பாவின் வீட்டு வரைபடமும் உள்ளே போகும் வழியும் வருகின்றன. தொலைபேசி அடிக்கிறது. வேண்டியவர்களுக்கு மொட்டைக் கடிதம் போகிறது. அடித்த பந்தெல்லாம் திரும்பி வந்துகொண்டே இருக்கிறது. ஹெய்ன்ஸுக்குத் தூக்கம் போகிறது, வேலையில் மனம் நிற்பதில்லை. கடைசியில் அந்த வீட்டுக்குள் நுழையும்போது அவருக்குக் கோபமும் இல்லை, பேராசையும் இல்லை, களைப்புதான் இருக்கிறது. ஐந்தாவது செட்டில் கால் சோர்ந்தவன், இந்தப் பாயின்ட் எப்படியாவது முடிந்தால் போதும் என்று ஆடுவானே, அந்தக் களைப்பு.

ஆனால் அவர் தோற்றது அந்த இரவில் இல்லை. மனைவி செத்த செய்தி வந்ததும் புரூனோமேல் சந்தேகம் எழுகிறதே, அந்த நேரத்திலேயே போலீஸிடம் சொல்லியிருக்கலாம். அப்போது அவர் எந்தக் குற்றமும் செய்திருக்கவில்லை. சொல்லாமல் இருந்துவிட்டார். முதல் சர்வீஸ் பிரேக் அங்கேதான் விழுந்தது. மௌனமாய்க் கழிந்த ஒவ்வொரு நாளும் அவரைப் புரூனோவுக்குக் கூட்டாளி ஆக்கியது.

இதை வெறும் கதை என்று தள்ள முடியாது. ஜிம்பாப்வே கிரிக்கெட் அணியின் முன்னாள் கேப்டன் பிரெண்டன் டெய்லர் 2022 ஜனவரியில் தானே முன்வந்து சொன்ன விவரங்களைப் பாருங்கள். ஒரு ஸ்பான்சர் விஷயமாகப் பேசலாம் என்று 2019 அக்டோபரில் ஒரு தொழிலதிபர் அவரை இந்தியாவுக்கு அழைத்தார். வந்தால் 15,000 டாலர் என்றார்கள். ஜிம்பாப்வே வீரர்களுக்கு அப்போது ஆறு மாதமாகச் சம்பளம் வரவில்லை. கடைசி நாள் இரவு விருந்தில் கொக்கெய்ன் நீட்டினார்கள், டெய்லர் எடுத்துவிட்டார். மறுநாள் காலையில் அதே ஆட்கள் ஹோட்டல் அறைக்குள் நுழைந்து, முந்தைய இரவு எடுத்த வீடியோவைக் காட்டினார்கள். ஸ்பாட் ஃபிக்ஸிங் செய்யாவிட்டால் இது வெளியே போகும் என்றார்கள். பேசிய 15,000 டாலரே இப்போது அதற்கான முன்பணம் ஆகிவிட்டது. ஊர் திரும்பினால் போதும் என்று வாங்கிக்கொண்டு விமானம் ஏறினார் டெய்லர்.

எந்த ஆட்டத்திலும் தான் ஃபிக்ஸிங் செய்யவில்லை என்கிறார் அவர். ஆனால் சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலான ஐசிசியிடம் சொல்ல அவருக்கு நான்கு மாதம் ஆனது. அந்த மாதங்களில் உடம்பும் மனமும் கெட்டதையும் அவரே சொல்லியிருக்கிறார். அணுகியவர்களைப் பற்றித் தாமதமின்றித் தெரிவிக்காவிட்டால் அதுவே குற்றம் என்பது ஐசிசி விதி. வங்கதேச வீரர் ஷகிப் அல் ஹசன் 2019-இல் தடை பெற்றதும் இதற்காகத்தான், ஃபிக்ஸிங் செய்ததற்காக அல்ல. டெய்லருக்கு மூன்றரை ஆண்டு தடை விழுந்தது.

அந்த விதி தேவை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஹைஸ்மித்தைப் படித்தவர்கள் அதன் அவசியத்தை இன்னும் நன்றாக உணர்வார்கள். நாவலில் ஹெய்ன்ஸ் கடைசியில் எல்லாவற்றையும் கொட்டுகிறார். கேட்பவன், செத்த மனைவியின் பழைய காதலன். அவனுக்கு அதில் அக்கறையே இல்லை. தொலைபேசி வழியாக ஒட்டுக்கேட்ட துப்பறிவாளருக்குத்தான் அது பயன்படுகிறது. காலம் கடந்து சொன்னது அவரைக் காப்பாற்றவில்லை.

என் வருத்தமெல்லாம் தண்டனையின் அளவைப் பற்றித்தான். யாரும் கண்டுபிடிக்கும்முன் தானாகவே வந்து சொல்கிறவனுக்கும், பிடிபட்டபின் ஒப்புக்கொள்கிறவனுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்க வேண்டும். டெய்லர் பணம் வாங்கியதும் நான்கு மாதம் தள்ளிப்போட்டதும் தவறுதான். ஆனால் அதே நிலையில் இன்று எங்கோ ஒரு ஹோட்டல் அறையில் மாட்டிக்கொண்டிருக்கும் இளம் வீரன், மூன்றரை ஆண்டு என்ற கணக்கைப் பார்த்தால் சொல்லத் துணிவானா, மௌனமாய் இருந்துவிடுவானா? சம்பளம் கொடுக்காத வாரியத்துக்கும் இதில் பங்கு உண்டு என்பதை விசாரணைகள் கணக்கில் எடுக்க வேண்டும். தடைக்காலம் முடிந்து 2025 ஆகஸ்டில் புலவாயோவில் நியூசிலாந்துக்கு எதிராக டெய்லர் மறுபடி டெஸ்ட் ஆடியபோது அவருக்கு வயது 39.