மூன்றாவது சொல்: புன்னியாமீனின் விபரத்திரட்டுகளை மீள வாசிக்கையில்

ஈழத்து முஸ்லிம் எழுத்தாளர் ஒருவர் எங்கே பிறந்தார், எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார், முதல் ஆக்கம் எதில் வந்தது என்று அறிய வேண்டி வந்தால் என் கை முதலில் போவது மர்ஹூம் பீ.எம். புன்னியாமீனின் விபரத்திரட்டுகளுக்குத்தான். ஆய்வு செய்கிற பிள்ளைகளும் அதையேதான் செய்கிறார்கள். ஆனால் அடிக்குறிப்பில் அவர் பெயரைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். இந்த நூல்களை நூல்களாக வைத்து யாரும் விமர்சித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அந்தக் கடனில் கொஞ்சமாவது தீர்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

கண்டி மாவட்டத்து உடதலவின்னையைச் சேர்ந்த புன்னியாமீன் 1960 இல் பிறந்தார். அவருடைய சிறுகதைத் தொகுதி ‘தேவைகள்’ 1979 இல் வந்தது. ‘சிந்தனை வட்டம்’ என்ற பெயரில் வெளியீட்டகம் நடத்தி நூற்றுக்கு மேற்பட்ட நூல்களைத் தந்தார். அவற்றில் மாணவர்களுக்கான அரசறிவியல் நூல்களும் புலமைப்பரிசில் வழிகாட்டிகளும் அடக்கம். தமிழ் விக்கிப்பீடியாவிலும் ஏராளமாக எழுதினார். 2016 இல், அறுபதை எட்டும் முன்னரே, வபாத்தானார்.

எழுத்தாளர் சரித்திரம் எழுதுவது நமக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்து ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளையின் ‘பாவலர் சரித்திர தீபகம்’ 1886 இல் வந்தது. ம.மு. உவைஸ் தமிழுக்கு முஸ்லிம்கள் செய்த பங்களிப்பை 1953 இல் ஆங்கில நூலாக்கினார். அவர்கள் பெரிதும் பார்த்தது மறைந்துபோன புலவர்களை. புன்னியாமீன் பார்த்தது தன் காலத்தில் உயிரோடு எழுதிக்கொண்டிருந்தவர்களை. முதலில் முஸ்லிம் படைப்பாளிகளைத் தொகுத்தவர், பின்னர் அந்த வேலியையும் எடுத்துவிட்டு இலங்கைத் தமிழ்ப் படைப்பாளிகள் எல்லாரையும் சேர்த்துக்கொண்டார். ஒரு சமூகத்தின் தொகுப்பாளர் அடுத்த வீட்டையும் தன் கணக்கில் எழுதியது, அந்தக் காலத்தில் சின்ன விசயமல்ல.

இந்த நூல்களைப் பற்றி ஒரு குறை பேச்சுவாக்கில் சொல்லப்படும்: “எல்லாரையும் ஒரே தராசில போட்டுட்டார்.” உண்மைதான். பத்து நூல் எழுதியவருக்கும் பத்துக் கவிதை எழுதியவருக்கும் பதிவின் அமைப்பு ஒன்றே. பிறப்பு, பெற்றோர், கல்வி, முதல் ஆக்கம், நூல்கள், விருதுகள் என்ற ஒழுங்கு மாறுவதில்லை. தரம் பிரித்தல் இல்லை. ஆனால் நான் இதைக் குறையாக எடுக்கமாட்டேன். பெயரே பதியப்படாத ஒருவரை எந்த விமர்சகன் தரம் பிரிப்பது? முதலில் ஆள் இருந்தார் என்று எழுத வேண்டும். மிச்சம் நம் வேலை.

என் குறை வேறு. நூலின் தலைப்பில் மூன்று சொற்கள் உள்ளன: எழுத்தாளர்கள், ஊடகவியலாளர்கள், கலைஞர்கள். மூன்றாவது சொல்தான் மிகவும் தேவையானது. எழுத்தாளரை மறந்தாலும் அவர் புத்தகம் ஏதாவதொரு அலுமாரியில் கிடக்கும். மேடையில் நடித்தவருக்குத் திரை விழுந்தால் எல்லாம் முடிந்தது. ஆனால் அந்த அச்சு எழுத்தாளரின் அளவுக்கு வெட்டப்பட்டது. “முதல் ஆக்கம் எது, எத்தனை நூல்?” என்ற கேள்விக்குக் களிகம்பு அண்ணாவியார் என்ன பதில் சொல்வார்? றபான் அடித்துப் பாடிய பக்கீர் பாவா எந்த விருதைச் சொல்வார்? வயலில் கவி பாடிய பெண்களின் பெயரை எந்தப் பட்டியலில் தேடுவது?

எங்கட சவளக்கடைப் பக்கம் பள்ளிக்கூட மேடைகளில் பெண் வேசம் கட்டி நடித்த ஒரு முதியவர் இருந்தார். அவரைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டேன். “நான் என்னத்த மகன் எழுதின, புத்தகத்துல போட? ஆடினதும் பாடினதும்தானே” என்றார். கொஞ்சம் பொறுத்து, குரலைத் தாழ்த்தி, “ஹஜ்ஜுக்கும் போய் வந்துட்டன். இனி அந்தக் கதய எடுக்காதீங்க” என்றார். நான் எடுக்கவில்லை. அவர் மௌத்தாகிவிட்டார், பெயரை இங்கேயும் எழுதமாட்டேன்.

நம் மேடைக் கலைஞர்கள் விடுபடுவதற்கு நூலின் அச்சு மட்டும் காரணமல்ல. நாடகம் நடித்ததை வெட்கமாக நினைக்க வைத்த நாமும் காரணம். எழுதியவரைப் பொன்னாடை போர்த்தி அழைக்கிறோம். ஆடியவரைப் பேசாமல் இருக்கச் சொல்கிறோம். இந்த மௌனத்தைத் தனி ஒரு மனிதர், அதுவும் மலைநாட்டில் இருந்துகொண்டு, எப்படி உடைப்பார்? கலைஞர்கள் என்ற சொல்லைத் தலைப்பில் வைத்து இடத்தை ஒதுக்கித் தந்தாரே, அதுவே பெரிது. அந்த இடத்தை நிரப்ப வேண்டியது இங்கே இருக்கிற நாம்.

அதற்குப் பெரிய நிதி தேவையில்லை. மாரியில் கிட்டங்கி வழியாகத் தண்ணீர் பாயுமுன் இரண்டு மூன்று பேர் ஊர் ஊராகப் போகலாம். படிவம் கொடுக்காமல் கதை கேட்க வேண்டும். என்ன வேசம், யார் பழக்கினார், எந்த மேடை, யார் பார்த்தார்கள் என்று கேட்டால் போதும். சொன்னதை வாசித்துக் காட்டி, அவர் சம்மதித்தால் மட்டும் பதிய வேண்டும்.

மற்றவர்களின் பிறந்த திகதிகளைத் தேடித் தேடி எழுதிய புன்னியாமீனுக்கு நாம் இன்னும் ஒரு முழுமையான வரலாறு எழுதவில்லை. அதை யாராவது எழுதும்போது, அவர் தொடங்கி முடிக்காத அந்த மூன்றாவது சொல்லுக்கும் ஓர் அத்தியாயம் வையுங்கள். அல்லாஹ் அவருடைய பணியைப் பொருந்திக்கொள்வானாக.