பதக்கம் வாங்காத பிள்ளைக்கும் மைதானம் வேண்டும்

பிளஸ் டூ முடிவு வந்ததும் கள்ளக்குறிச்சி மாவட்டத்து ரிஷிவந்தியம் பக்கத்து ஊர்களில் சில வீடுகளில் மதிப்பெண் பட்டியலோடு இன்னொரு ஃபைலையும் பரணிலிருந்து இறக்குவார்கள். குறுவட்டப் போட்டியில் வாங்கியது, பாரதியார் தினப் போட்டியில் வாங்கியது, பொங்கலுக்கு ஊர் மன்றம் அச்சடித்துக் கொடுத்தது என எல்லாச் சான்றிதழும் அதில் இருக்கும். பள்ளிக்கூடத்து பி.இ.டி. சாரிடம் அதை நீட்டிக் கேட்பார்கள்: "இதை வச்சு ஏதாவது சீட் கிடைக்குமா சார்?" பெரும்பாலான ஃபைல்களுக்குக் கிடைக்காது என்பதுதான் பதில்.

கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகப்போகும் பிள்ளைக்கு எந்தக் கதவு திறந்தாலும் லாபம்தான். ஆனால் விளையாட்டின் மதிப்பை நாம் எதைக் கொண்டு அளக்கப் பழகியிருக்கிறோம் என்பதை அந்தக் கேள்வி காட்டிவிடுகிறது. பத்து வருடம் ஆடிய ஆட்டம் கடைசியில் ஒரு சீட்டாக மாறவேண்டும். மாறாவிட்டால் ஆடியது வீண். விளையாட்டை உயர்கல்விக்கும் வேலைக்கும் வழியாக்கும் இந்த ஏற்பாடு கிராமத்துப் பிள்ளைக்கு எவ்வளவு கொடுத்திருக்கிறது, எங்கே கைவிடுகிறது என்று பார்ப்பது அதனால் அவசியமாகிறது.

கொடுத்ததை முதலில் சொல்லிவிட வேண்டும். தமிழகத்தில் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் இருக்கின்றன. அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே சிறப்புப் பிரிவில் அவர்களை அழைக்கிறார்கள். அரசு வேலையில் 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. 1992இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் விடுதிகளில் பிள்ளைகளைத் தங்கவைத்துச் சோறும் பயிற்சியும் கொடுத்துப் படிக்கவைக்கிறது. தனியார் கல்லூரிகள் தங்கள் அணிக்கு ஆள் தேடிக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கின்றன. கரும்பு வெட்டுக்கும் கட்டட வேலைக்கும் கேரளாவுக்கும் பெங்களூருக்கும் குடும்பங்கள் போய்வரும் பகுதியில் இவை சின்ன விஷயங்கள் அல்ல.

பக்கத்துச் சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலு இதற்கு நல்ல சான்று. ஐந்து வயதில் பேருந்து விபத்தில் காலில் அடிபட்டவர். உயரம் தாண்டும் திறன் அவரிடம் இருப்பதைக் கண்டுபிடித்தவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். அடுத்து டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். பட்டப்படிப்பும் முடித்தார், அரசு நிறுவனத்தில் வேலையும் வந்தது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியின் துணைத்தலைவி கார்த்திகா, சென்னையின் மறுகுடியமர்வுப் பகுதியான கண்ணகி நகரிலிருந்து வந்தவர். இவர்களைப் பார்த்துப் பிள்ளைகள் மைதானத்துக்கு வருகிறார்கள் என்றால் அது நல்லதுதான்.

சீட்டைத் தாண்டியும் ஆட்டம் கற்றுக்கொடுக்கிறது. கபடியையே எடுத்துக்கொள்வோம். பாடிப் போகிறவனுக்கு முப்பது விநாடிதான். அதற்குள் தொடுவதா, போனஸ் கோட்டோடு திரும்புவதா என்று தனியாக முடிவெடுக்க வேண்டும். தவறினால் பழியைத் தானே ஏற்க வேண்டும். அவுட்டாகி வெளியே உட்கார்ந்தவன் மறுபடி உள்ளே வர வேண்டுமானால் களத்தில் இருப்பவன் புள்ளி எடுக்க வேண்டும். தன் திறமை எதுவும் செல்லாத அந்த நேரத்தில் இன்னொருவனை நம்பிக் காத்திருக்கப் பழகுகிறான். பரீட்சையில் தனித்தனி மதிப்பெண்ணுக்கே பழகிய பிள்ளைக்கு இந்தப் பாடத்தை வகுப்பறை தருவதில்லை. பத்தாம் வகுப்பில் கணக்கு வராமல் பின்பெஞ்சில் ஒடுங்கியவன் சாயங்காலம் ஆட்டத்தில் அணித்தலைவனாக இருப்பதும், அந்த ஒரு காரணத்துக்காகவே மறுநாள் பள்ளிக்கு வருவதும் கிராமத்து ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

ஆனால் இந்த நல்ல குணங்கள் கோட்டைத் தாண்டித் தானாக வெளியே வந்துவிடும் என்று நம்புவது அப்பாவித்தனம். களத்தில் தோளோடு தோள் கோத்துப் பிடித்தவர்கள் வெளியே வந்ததும் ஊர் என்றும் காலனி என்றும் பிரிந்துபோவது வட மாவட்டங்களுக்குப் புதிதல்ல. பல இடங்களில் அணியே அப்படித்தான் அமைகிறது. கபடி வீரர் மணத்தி கணேசன் 1994இல் ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடியவர், அர்ஜுனா விருது பெற்றவர். அவர் வாழ்க்கையை அடியொற்றி 2025இல் வந்த 'பைசன் காளமாடன்' படம், ஆட்டக்காரனின் சாதி எப்படி அவனுக்கு முன்பே களத்துக்குள் இறங்கிவிடுகிறது என்பதைப் பேசியது. விளையாட்டு ஒற்றுமையை வளர்க்கும் என்ற வாசகம் பள்ளி ஆண்டுவிழாவில் நன்றாக ஒலிக்கும். யாரும் முயற்சி எடுத்துக் கலந்த அணியை உருவாக்காத இடத்தில் ஆட்டம் பிரிவினையைத்தான் வளர்க்கும்.

அடுத்த குறை கணக்கில் இருக்கிறது. குறுவட்டம், மாவட்டம், மண்டலம், மாநிலம், தேசியம் என்று போட்டிகள் படிப்படியாகக் குறுகுகின்றன. ஒரு கபடி அணியில் பன்னிரண்டு பேர். தமிழகத்தில் 38 மாவட்டங்கள். மாவட்டத்துக்கு ஒரே ஒரு சிறந்த ஆட்டக்காரன் என்று வைத்துக்கொண்டாலும் மாநில அணியில் மூன்றில் ஒருவனுக்குக்கூட இடமில்லை. ஒதுக்கீட்டில் எடை உள்ள சான்றிதழ்களோ மாநில, தேசிய அளவில்தான் தொடங்குகின்றன. 2019 நவம்பர் 26இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதால் ரிஷிவந்தியத்துப் பையனுக்கு மாவட்ட அணி கொஞ்சம் நெருங்கி வந்தது. முன்பு விழுப்புரம், திண்டிவனம் பிள்ளைகளோடும் மோத வேண்டியிருந்தது. அதற்கு மேல் உள்ள படிகளின் அகலம் மாறவில்லை.

அந்தப் படிகளில் ஏற ஆட்டத் திறமை மட்டும் போதாது. தேர்வுப் போட்டிகள் 'மேட்' எனப்படும் விரிப்பில் நடக்கின்றன. ஊரில் ஆடியது மண்ணில். விரிப்புக்கு வேறு ஷூ வேண்டும், கால் வைக்கும் விதமே வேறு. கல்வராயன் மலையில் வெள்ளிமலையைத் தாண்டிய ஊர்களின் பிள்ளைக்கு மாலைப் பயிற்சி என்றால் கடைசிப் பேருந்தை விடுவது என்று பொருள். உண்டு உறைவிடப் பள்ளியில் தங்கிப் படிப்பவனுக்குக் கிடைக்கும் சாயங்காலம், வீட்டிலிருந்து போய்வருகிறவனுக்குக் கிடையாது. சதுரங்கம், டென்னிஸ், துப்பாக்கி சுடுதல் போன்றவற்றில் நுழைவுக் கட்டணம், பயணம், தனிப் பயிற்சியாளர் என்று செலவு தாங்கும் வீடுகளே மேலே போக முடியும். ஒரே ஒதுக்கீட்டுப் பட்டியலில் இரு தரப்பும் நிற்கின்றன. 2024இல் பதினெட்டு வயதில் உலகச் சதுரங்கச் சாம்பியனான குகேஷ் நான்காம் வகுப்போடு வழக்கமான பள்ளிப் படிப்பை நிறுத்தியவர். அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் மருத்துவரான தந்தையும் அவர் விட்டுக்கொடுத்த தொழிலும் இருந்தன. தோற்றாலும் விழாமல் தாங்க ஒரு குடும்பம் இருந்தது. அந்தக் கதையை முன்மாதிரியாகக் காட்டி ஒரு கூலிக்காரர் வீட்டுப் பிள்ளையைப் படிப்பை விடச்சொல்வது பெரும் அநியாயம்.

உடம்பின் ஆபத்தும் அதே வீட்டின் தலையில்தான் விழுகிறது. 2022 ஜூலையில் பண்ருட்டி அருகே மானடிக்குப்பத்தில் நடந்த ஊர்க் கபடியில் ஒரு கல்லூரி மாணவர் ஆட்டத்தின்போதே விழுந்து உயிரிழந்தார். உயிர் போவது அரிது. ஆனால் முழங்கால் ஜவ்வு கிழிவது அரிதல்ல. பரிசுத் தொகை, மைக், பந்தலுக்குக் கரண்ட் என்று எல்லாம் ஏற்பாடாகும் ஊர்ப் போட்டிகளில் முதலுதவிக்கு ஆள் வைப்பது இன்னும் பழக்கமாகவில்லை. சங்கங்களின் சண்டையும் சேர்ந்துகொள்கிறது. தேசியக் கபடிக் கூட்டமைப்பை 2018இல் தில்லி உயர் நீதிமன்றம் ஒரு நிர்வாகியின் கையில் ஒப்படைத்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிடம் பொறுப்பு திரும்ப 2025 ஆயிற்று. எந்தச் சங்கத்தின் சான்றிதழ் செல்லும் என்ற வழக்கில் தோற்பது பெரும்பாலும் ஆடியவன்தான்.

எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்துவது படிப்பின் தேர்வு. சான்றிதழோடு போகும் பிள்ளை எந்தப் பாடம் படிப்பது என்பதை அவன் விருப்பம் தீர்மானிப்பதில்லை. எந்தக் கல்லூரி அணியில் ஆள் குறைகிறது, எந்தத் துறையில் இடம் காலி என்பதே தீர்மானிக்கிறது. வரலாறு படிக்க விரும்பியவன் வாலிபால் புண்ணியத்தில் வணிகவியலில் உட்காருகிறான். காலை மாலை பயிற்சி, நடுவில் போட்டிப் பயணம், அரியர். அடிபட்டு அணியிலிருந்து நீங்கினால் கட்டணச் சலுகையும் ஆட்டம் காண்கிறது. பட்டமும் ஆட்டமும் ஒன்றையொன்று தாங்க வேண்டிய இடத்தில் இரண்டும் சேர்ந்து சரியும்.

அப்படியானால் படிப்பில் தேறினால்தான் ஆடலாம் என்று விதி போடலாமா? அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 1984இல் அப்படிச் செய்தது. ஒரு பாடத்தில் தோற்றாலும் அடுத்த ஆறு வாரம் பள்ளி அணியில் ஆட முடியாது என்பது அப்போதைய விதி. ஆட்டத்துக்காகவாவது படிப்பார்கள் என்பது அதன் நியாயம். ஆனால் பள்ளியோடு ஒரு பிள்ளையைக் கட்டி வைத்திருக்கும் ஒரே கயிறு ஆட்டம்தான் என்றால், அதை அறுத்துவிட்டு எதைக் காப்பாற்றுவது? நம் ஊர்களில் எழுதாத இன்னொரு விதி ஏற்கெனவே அதைத்தான் செய்கிறது. பத்தாம் வகுப்பு வந்ததும் விளையாட்டு நின்றுவிடும்; பி.இ.டி. பீரியடில் கணக்குப் பாடம் நடக்கும். அந்தப் பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று 2023இல் விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலின் கணக்கு, அறிவியல் ஆசிரியர்களைப் பொதுமேடையில் கேட்டுக்கொண்டார். பெண் பிள்ளைகளுக்கு இந்தக் கதவு இன்னும் முன்பே, வயதுக்கு வந்த கையோடு, சாத்தப்படுகிறது.

மைதானத்திலிருந்து விரட்டிய நேரம் புத்தகத்துக்குப் போய்விடும் என்று நினைப்பதும் தப்புக்கணக்கு. அது கைப்பேசிக்குப் போகிறது. பப்ஜியை 2020இலும் ஃப்ரீ ஃபயரை 2022இலும் மத்திய அரசு தடை செய்தது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு 2025இல் தேசியச் சட்டமே தடை போட்டது. தடைகள் தேவைதான். ஆனால் ஆட வேண்டும் என்ற வயதின் பசியைச் சட்டம் போட்டு அடக்க முடியாது. சாயங்காலம் போக ஓர் இடமும் அங்கே ஓர் ஆளும் இருக்க வேண்டும்.

இடமும் பொருளும் ஓரளவு வருகின்றன. 2024இல் தொடங்கிய கலைஞர் விளையாட்டு உபகரணத் திட்டம் ஊராட்சிதோறும் 33 வகைச் சாமான்களைக் கொடுத்தது. தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம் என்ற திட்டமும் இருக்கிறது. ஆள்தான் குறை. 2012இல் உடற்கல்வி, ஓவியம், தொழிற்கல்விக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்க்கு, வாரம் மூன்று அரைநாள் என்று எடுக்கப்பட்டார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் பல வருடமாகப் போராடுகிறார்கள். மாரியப்பனை அடையாளம் கண்டது ஓர் ஆசிரியரின் கண் என்றால், அந்தக் கண்ணை வாரத்தில் மூன்று அரைநாளுக்கு வாடகைக்கு எடுத்துவிட்டு அடுத்த மாரியப்பனை எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

ஒதுக்கீட்டை எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எடுத்தால் முதலில் அடிபடுவது கிராமத்துப் பிள்ளைதான். அது உச்சிக்குப் போன சிலருக்கான பரிசு என்பதை ஒப்புக்கொண்டு, கீழே இருக்கும் பலருக்கு வேறு ஏற்பாடு செய்ய வேண்டும். அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. போட்டி நடத்தும் முறையை மாற்றினாலே பாதி வேலை முடியும். குறுவட்டப் போட்டிகள் பெரும்பாலும் நாக் அவுட். பதினாறு பள்ளிகள் வந்தால் எட்டு அணிகள் ஒரே ஆட்டத்தில் தோற்று வண்டி ஏறும். அந்தப் பிள்ளைகளுக்கு அந்த வருடம் முழுவதும் ஒரே ஓர் ஆட்டம். தோற்றதிலிருந்து திருந்தி அடுத்த ஆட்டத்தில் செய்து பார்க்க வழியே இல்லை. இந்த முறை ஆட்டக்காரர்களைப் பொறுக்கி எடுக்கத் தெரிந்தது; வளர்க்கத் தெரியாதது. அதே பதினாறையும் நான்கு நான்காகப் பிரித்து லீக் வைத்தால் மிகச் சாதாரண அணிக்கும் மூன்று ஆட்டம் நிச்சயம்.

ரிஷிவந்தியம் ஒன்றியத்துப் பள்ளிகளில் ஜூலை முதல் டிசம்பர் வரை சனிக்கிழமைகளில் இப்படி ஒரு லீக் நடத்திப் பார்க்கலாம். பெண்களுக்கும் அதே எண்ணிக்கையில் ஆட்டங்கள், ஊரும் காலனியும் கலந்த பள்ளி அணி, ஒரு முதலுதவிப் பெட்டி, பக்கத்திலிருக்கும் அரசு கலைக் கல்லூரியிலிருந்து நடுவர்களாக மூத்த மாணவர்கள். செலவு ஒரு பெரிய பரிசளிப்பு விழாவுக்கு ஆவதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அதன் வெற்றியைக் கோப்பையால் அளக்க வேண்டாம். ஆறாம் வகுப்பில் ஆடத் தொடங்கியவர்களில் எத்தனை பேர் பன்னிரண்டாம் வகுப்பிலும் ஆடுகிறார்கள், அவர்களில் எத்தனை பேர் தாங்கள் கேட்ட பாடத்தில் கல்லூரி சேர்ந்தார்கள் என்ற இரண்டு எண்களைப் பள்ளி எழுதி வைக்கட்டும். அந்த எண்கள் ஏறினால் அந்த ஒன்றியத்தில் விளையாட்டு வளர்ந்திருக்கிறது; மாநில அணிக்கு ஒருவன் போயிருந்தும் அவை இறங்கினால் வளரவில்லை.