பதினைந்து வயது வாசகருக்கு எந்த அலமாரி?

தமிழ்நாட்டின் பெரிய பொது நூலகங்களில் சிறுவர் பிரிவு உண்டு. போட்டித் தேர்வுப் பிரிவும் உண்டு. முன்னதில் படக்கதைகளும் நீதிக்கதைகளும் இருக்கும். பின்னதில் பொது அறிவு நூல்களும் பழைய வினாத்தாள் தொகுப்புகளும் இருக்கும். பன்னிரண்டு வயதில் முதல் பிரிவைத் தாண்டிவிடும் பிள்ளை, இரண்டாம் பிரிவுக்குள் நுழைய இருபது வயதாகிவிடுகிறது. இடைப்பட்ட ஏழெட்டு ஆண்டுகளுக்கு நூலகம் அந்தப் பிள்ளைக்கென்று எதையும் எடுத்து வைப்பதில்லை. சுதந்திர இந்தியாவிலேயே முதன்முதலாக, 1948இல், பொது நூலகச் சட்டம் இயற்றிய மாநிலம் இது. வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்கேற்ற நூலையும், நூல் ஒவ்வொன்றுக்கும் அதற்கேற்ற வாசகரையும் சேர்த்துவைப்பதே நூலகத்தின் வேலை என்று 1931இலேயே விதி வகுத்த சீர்காழி எஸ்.ஆர்.ரங்கநாதனின் மாநிலமும் இதுதான். அப்படியிருந்தும் பதின்வயதினர் விடுபட்டுப்போனதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், தமிழில் அவர்களுக்கான இலக்கியம் இல்லை என்பது. இதை நான் ஏற்கவில்லை. நூல்கள் இருக்கின்றன. அவற்றைத் தேர்ந்து, இது உனக்கானது என்று கையில் கொடுக்கும் பணிதான் நடக்கவில்லை.

இந்த இடைவெளி முன்பு இவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. அதற்குக் காரணம் நூலகம் அல்ல, வீட்டுக்கு வந்த வார இதழ்கள். 1947இல் தொடங்கிய அம்புலிமாமா, 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் கண்ட அழ.வள்ளியப்பாவின் பாடல்கள், வாண்டுமாமாவின் கதைகள், 1972இல் வந்த கோகுலமும் முத்து காமிக்ஸும் என்று சிறுவர் எழுத்து செழித்திருந்தது. அதன் எல்லை ஏறக்குறைய பன்னிரண்டு, பதின்மூன்று வயது. அதற்கு மேல் பிள்ளைகள் பெரியவர்கள் படித்த அதே இதழை எடுத்துப் படித்தார்கள். 1950 முதல் 1954 வரை கல்கியில் தொடராக வந்த பொன்னியின் செல்வனை இளையோர் நாவல் என்று எவரும் பெயரிட்டு வெளியிடவில்லை. பாட்டி படித்து முடித்த பிரதியைப் பேத்தியும் படித்தாள், அவ்வளவுதான். ஜெயகாந்தனும் சுஜாதாவும் இளம் வாசகர்களை எட்டியதில் இந்த வழிக்குப் பெரும் பங்கு உண்டு. இன்று பெரும்பாலான வீடுகளுக்கு வார இதழ் வருவதில்லை. கோகுலமும் அம்புலிமாமாவும் நின்றுவிட்டன. குடும்பம் தன்னை அறியாமலே செய்துவந்த ஒரு வேலை கைவிடப்பட்டிருக்கிறது. அதை எடுத்துச் செய்யும் கடமை இப்போது பொது நூலகத்தின் மேல் விழுந்திருக்கிறது.

புதிய எழுத்து வராமலில்லை. சாகித்திய அகாதெமி 2010 முதல் பால சாகித்திய புரஸ்கார் வழங்கத் தொடங்கியபின் சிறுவர் இலக்கியத்துக்கு ஒரு மதிப்பு கூடியது. அவ்விருதைப் பெற்ற யெஸ்.பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ குழந்தைகள் மீதான பாலியல் அத்துமீறலைக் குழந்தைகளிடமே பேசுகிறது. உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ கீழடியைக் கதைக்களமாக்குகிறது. மாணவர்கள் கையில் கட்டும் சாதிக் கயிற்றைப் பற்றி விஷ்ணுபுரம் சரவணன் எழுதிய ‘கயிறு’ ஒரு சிறு நூல்தான். ஆனால் 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவரும் அவருடைய தங்கையும் சக மாணவர்களால் வெட்டப்பட்டதையும், அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு கையில் வண்ணக் கயிறு கட்டத் தடை கேட்டதையும் எண்ணிப் பார்த்தால், அந்தச் சிறு நூல் எவ்வளவு நேராகப் பிரச்சினையைத் தொட்டிருக்கிறது என்பது புரியும். இந்த நூல்கள் ஒவ்வொரு பள்ளிக்கும் போகவேண்டும். என்றாலும் இவற்றின் நடையும் அளவும் பெரும்பாலும் பத்திலிருந்து பதின்மூன்று வயதுக்கானவை. பதினாறு வயதுக்காரர் இவற்றை ஒரே மூச்சில் முடித்துவிட்டு அடுத்து என்ன என்று கேட்பார்.

அந்தக் கேள்விக்கான விடை பெரியவர்களின் நாவல் அடுக்கில் இருக்கிறது. 1982இல் வந்த பூமணியின் ‘வெக்கை’யை எடுத்துக்கொள்ளலாம். அதன் நாயகன் சிதம்பரத்துக்கு வயது பதினைந்து. அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டு, தகப்பனோடு காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிகிறான். கொலையில் தொடங்கும் இந்த நாவலின் பெரும்பகுதி சோறு பொங்குவதும், தண்ணீர் தேடுவதும், தகப்பனும் மகனும் ஒருவரை ஒருவர் புதிதாக அறிந்துகொள்வதுமாகவே போகிறது. பதினைந்து வயதுப் பையனின் கோபத்தையும் பயத்தையும் இவ்வளவு அருகில் நின்று பார்த்த இன்னொரு தமிழ் நாவலைச் சொல்வது கடினம். ‘அசுரன்’ திரைப்படம் வழியாகக் கதை தெரிந்த லட்சக்கணக்கான பிள்ளைகளில் எத்தனை பேரிடம், இதற்கு மூலமான நாவல் நம் நூலகத்தில் இருக்கிறது என்று யாராவது சொல்லியிருப்பார்கள்? பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ பண்ணையில் ஆடு மேய்க்கும் சிறுவர்களின் உலகம்; அவர்களுடைய விளையாட்டும் பசியும் அடிமைத்தனமும் பிரிக்கமுடியாமல் பின்னிக்கிடக்கின்றன. அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ நிஜாம் ஆட்சியின் கடைசி மாதங்களில் செகந்திராபாத்தில் கிரிக்கெட் ஆடித் திரியும் கல்லூரி மாணவன் ஒருவனை வரலாற்றின் நடுவே கொண்டுபோய் நிறுத்துகிறது. 1992இல் வெளிவந்த பாமாவின் ‘கருக்கு’, சாதி என்றால் என்ன என்று ஒரு சிறுமி பள்ளியிலும் தெருவிலும் கண்டுகொள்வதைச் சொல்கிறது. இவற்றின் நடுவில் நிற்பவர்கள் சிறுவர்களும் இளைஞர்களும். ஆனால் நூலக அடுக்கில் ஆசிரியர் பெயரும் பகுப்பெண்ணும் மட்டுமே இருக்கும். எந்த வாசகருக்கு எந்த வாசல் என்று அவை சொல்லமாட்டா.

இளையோர் நூல்களுக்கென்றே பெரிய பதிப்புத் தொழில் உள்ள அமெரிக்காவிலும் பெரியவர்களின் அடுக்கைக் கைவிடவில்லை. பால்டிமோர் நகரின் ஈனாக் பிராட் நூலகத்தில் இளையோர் சேவையைக் கட்டியெழுப்பியவர் மார்கரெட் அலெக்சாண்டர் எட்வர்ட்ஸ். 1940களில் குதிரை வண்டியில் நூல்களை ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாகப் போனவர். உயர்நிலைப் பள்ளி வகுப்புகளுக்குச் சென்று நூல்களைப் பற்றிச் சுவையாகப் பேசியவர். தம் உதவியாளர்கள் தாங்களே படித்துப் பார்த்த நூல்களைத்தான் பிள்ளைகளுக்குப் பரிந்துரைக்கவேண்டும் என்பதில் கண்டிப்பாக இருந்தார். அவர் பெயரால் 1998 முதல் அலெக்ஸ் விருதுகள் வழங்கப்படுகின்றன. பெரியவர்களுக்காக எழுதப்பட்ட நூல்களில் 12 முதல் 18 வயதினரை ஈர்க்கக்கூடிய பத்தை ஆண்டுதோறும் நூலகர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். தமிழுக்கு மிகவும் பொருந்தும் முறை இது. புதிதாக ஓர் இலக்கிய வகை முளைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இந்த நாவல்களில் கொலையும் வசவும் காமமும் வருகின்றனவே, பெற்றோர் சண்டைக்கு வரமாட்டார்களா என்ற அச்சம் நூலகர்களுக்கு உண்டு. அது பொய்யான அச்சம் அல்ல. ஒரு புகார்க் கடிதம் போதும், கீழ்நிலை ஊழியர்தான் பதில் சொல்லவேண்டியிருக்கும். ஆனால் அரசே இந்தத் தயக்கத்தைக் கடந்துவந்துவிட்டது. புதிய தமிழ்ப் பாடநூல்களில் பத்தாம் வகுப்பில் கி.ராஜநாராயணனின் ‘கோபல்லபுரத்து மக்கள்’ பகுதியும், பதினொன்றில் ஜெயமோகனின் ‘யானை டாக்டர்’ கதையும், பன்னிரண்டில் பூமணியின் ‘உரிமைத்தாக’மும் இடம்பெற்றிருக்கின்றன. இயல் முடிவில் ‘அறிவை விரிவு செய்’ என்று மேலும் படிப்பதற்கான நூல்களின் பெயர்களும் தரப்படுகின்றன. பாடநூல் நம்பிக்கொடுக்கும் எழுத்தாளரை நூலகம் ஒளித்துவைக்க வேண்டியதில்லை. எல்லா நாவலும் எல்லா வயதுக்கும் ஆகும் என்று நான் சொல்லவில்லை. பதின்மூன்றுக்கும் பதினேழுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. அதைப் பிரித்தறியத்தான் படித்துப்பார்த்த ஒரு மனிதர் தேவைப்படுகிறார். செல்பேசியில் எவரும் காவலிருக்காத காட்சிகளைப் பார்க்கும் பிள்ளைக்கு, வன்முறையின் வலியையும் விளைவையும் சேர்த்துக் காட்டும் நாவல் கெடுதல் செய்யும் என்பதற்கு எனக்கு ஆதாரம் தென்படவில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு வேறொன்று. 14 முதல் 18 வயதினரிடம் 2023இல் நடத்தப்பட்ட அசர் (ASER) கல்வி ஆய்வில், நாட்டின் பல மாநிலங்களிலிருந்து தேர்ந்த ஊரக மாவட்டங்களில், நான்கில் ஒருவரால் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தம் மொழியில் தடையின்றிப் படிக்க முடியவில்லை. இவர்களிடம் ‘கருக்கு’ கொடுத்து என்ன பயன் என்று கேட்பது நியாயமே. ஆனால் இந்தப் பிள்ளைகளுக்கு நாம் இதுவரை கொடுத்துவந்தது முயலும் ஆமையும்தான். படிக்கத் திணறும் பதினாறு வயதுக்காரருக்குப் படிப்புத்தான் குறைவு. வாழ்க்கை அனுபவம் குறைவில்லை. ஆறு வயதுக்குரிய கதையைக் கையில் திணிப்பது அவரை அவமானப்படுத்தும். அவருக்குத் தேவை சிறிய நூல், எளிய வாக்கியம், பெரிய விஷயம். கேள்வி கேட்டதற்காக வதைபட்ட ஒரு மாணவியைப் பற்றிய இரா.நடராசனின் ‘ஆயிஷா’ அப்படிப்பட்டது. சில பக்கங்களே உள்ள அந்நூல் லட்சக்கணக்கில் விற்று, ஆசிரியர்களையும் மாணவர்களையும் ஒன்றாக உலுக்கியது. பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை வகுத்துச் சிறு நூல்களைத் தருவது நல்ல தொடக்கம். ‘பற’ என்னும் படியைத் தாண்டியவர் அடுத்துப் போகவேண்டிய இடம் ஊர் நூலகம். அங்கே அவரை எதிர்பார்த்து ஓர் அலமாரி இருக்கவேண்டும்.

பரிந்துரைப் பட்டியல் போட்டால் அதுவும் இன்னொரு பாடத்திட்டமாகிவிடாதா? ஆகும், தேர்வு வைத்தால். கேரளத்தில் மாநில நூலகக் கவுன்சில் குறிப்பிட்ட நூல்களைப் படிக்கவைத்து, ஊர் நூலகம் தொடங்கி மாநில அளவு வரை மாணவர்களுக்கு வாசிப்புப் போட்டி நடத்துகிறது. நல்ல நூல்களை ஊர்தோறும் கொண்டுசேர்த்ததில் அதற்குப் பங்குண்டு. ஆனால் மதிப்பெண்ணால் ஏற்கெனவே நெருக்குண்ட நம் பிள்ளைகளுக்கு இன்னொரு போட்டி வேண்டாம் என்பதே என் தீர்ப்பு. பட்டியலுக்கு அருகில் ஒரு மனிதர் இருக்கவேண்டும்: எட்டாம் வகுப்பிலோ பதினொன்றாம் வகுப்பிலோ பத்து நிமிடம் நின்று, கதையின் முடிவைச் சொல்லாமல், மூன்று நூல்களைப் பற்றிப் பேசிவிட்டு அவற்றை மேசைமேல் வைத்துவிட்டுப் போகிறவர். ஒற்றை ஆளால் நடக்கும் ஊர்ப்புற நூலகத்தில் இது இயலாது என்றால், வாசகர் வட்டத்தினரும் தமிழாசிரியர்களும் அந்தப் பத்து நிமிடத்தைத் தரமுடியும்.

சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரி கட்டும் குடும்பங்களின் பிள்ளைகள்தான் இவர்கள். கோட்டூர்புரத்தில் 2010இலும் மதுரையில் 2023இலும் மாபெரும் நூலகங்களை எழுப்பிய அரசுக்கு இது செலவே இல்லை. அடுத்த நூல் கொள்முதலின்போது பொது நூலக இயக்ககம், படித்துப்பார்த்த நூலகர்களையும் ஆசிரியர்களையும் பதின்வயதினர் சிலரையும் உட்காரவைத்து, பெரியவர்களின் அடுக்கிலிருந்து இருபத்தைந்து நூல்களைத் தேர்ந்து, கிளை நூலகம் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நூலிலும் மூன்று படிகள் அனுப்பட்டும். நூலகர்கள் அவற்றைச் சிறுவர் பிரிவிலும் வைக்காமல், போட்டித் தேர்வுப் பிரிவின் ஓரத்திலும் ஒதுக்காமல், நுழைந்ததும் கண்ணில் படும் இடத்தில் வைக்கட்டும்.