ஓவியத்தின் முதுகு

கையெழுத்தில்லாத தைலவர்ண ஓவியம் ஒன்று என்னிடம் இருக்கிறது. பழைய சாமான் கடையில் வாங்கியது. வருகிற இலக்கிய நண்பர்கள் கேட்பது இரண்டே கேள்விகள்: யார் போட்டது, என்ன பெறும்? படத்தைப் பற்றி இதுவரை ஒருவரும் பேசியதில்லை. அவர்களுக்காக நானும் அதைக் கழற்றித் திருப்பிப் பார்த்தேன். தேடுகிறவன் அப்படித்தான் பார்க்க வேண்டும்: கித்தானின் நெசவு, மரச்சட்டத்தின் ஆணி, கடைக்காரன் ஒட்டிய சீட்டு, யாரோ கிறுக்கிய எண். முன்பக்கம் சொல்லாத பெயரைச் சில சமயம் முதுகு சொல்லிவிடும்.

இந்தத் தேடலை நான் கேலி செய்யவில்லை. அது எங்கே கொண்டு நிறுத்துகிறது என்பதுதான் கேள்வி. வான்கோவின் 'மோன்மஜூரில் அஸ்தமனம்' படத்தை 1908இல் வாங்கிய நார்வே தொழிலதிபர், போலி என்று கேள்விப்பட்டு மச்சில் போட்டுவிட்டார். 1991இல் ஆம்ஸ்டர்டாம் வான்கோ மியூசியமும் அதை அவனுடையதாக ஏற்கவில்லை, கையெழுத்து இல்லை. 2013இல் அதே மியூசியம், இரண்டாண்டு ஆராய்ச்சிக்குப் பின், வான்கோ வரைந்ததுதான் என்று அறிவித்தது. வர்ணங்கள் அவன் ஆர்ல் நகரில் உபயோகித்தவை. முதுகில் 180 என்ற எண். தம்பி தேயோவின் சேகரிப்புக்கு 1890இல் எடுத்த பட்டியலிலும் அதே எண். எல்லாவற்றுக்கும் மேல், 1888 ஜூலையில் தேயோவுக்கு அவன் எழுதிய கடிதத்தில் அந்தக் கற்காடு, முறுக்கிய ஓக் மரங்கள், குன்றின்மேல் இடிபாடு, எல்லாம் இருக்கின்றன.

அதே கடிதத்தில், தான் நினைத்ததற்கு வெகு கீழேயே படம் நின்றுவிட்டது என்றும் எழுதுகிறான். பெயரைக் கொடுத்த சாட்சியே தீர்ப்பையும் சொல்லிவிட்டது. ஆராய்ச்சியாளர்கள் இதை மறைக்கவில்லை. ஆனால் விலை சாட்சியத்தின் முதல் பாதியை மட்டுமே படிக்கும். படமோ 1991இல் இருந்த அதே படம், ஒரு தூரிகைக் கீற்றுக்கூட அதிகமாகவில்லை.

நாம் மட்டும் என்ன? எழுத்தாளன் தொகுப்பில் சேர்க்காமல் விட்ட கதையைப் பழைய பத்திரிகையிலிருந்து தோண்டி எடுக்கிறோம். புனைபெயருக்குப் பின்னால் இருப்பவன் அவன்தான் என்று நிரூபிக்க முப்பது பக்கம். கதை எப்படி என்று சொல்ல மூன்று வரி கிடையாது. அவன் ஏன் அதை விட்டான் என்ற கேள்வியே எழுவதில்லை.

வான்கோ தன் படத்தைத் தப்பாக எடை போட்டிருக்கலாம். அதைச் சொல்லவும் படத்தின் முன்பக்கத்துக்குத்தான் வர வேண்டும். அச்சுப் பிரதியில் பார்த்த மட்டில், ஓக் மரங்களின் முறுக்கலில் உள்ள வேகம் வானத்துக்கு வந்ததும் சளைத்துவிடுகிறது. அவன் சொன்னது சரி என்றே எனக்குப் படுகிறது.