கேட்டவர் எழுதிய அகராதி

அகராதியை எவரும் முதலிலிருந்து முடிவுவரை படிப்பதில்லை. வேண்டிய சொல்லைத் தேடிக் கண்டதும் மூடிவிடுகிறோம். ஆயினும் ஓர் அகராதி சில வாரங்களாக நம்மை விட்டபாடில்லை. அருள்தந்தை ரேமோன் பிரெத்தோன் தொகுத்து, 1665-ஆம் ஆண்டு பிரான்சின் ஓசேர் நகரில் அச்சான கரீப்-பிரெஞ்சு அகராதியே அது. 1999-இல் பாரிசில் மறுபதிப்புப் பெற்றது. குருமடக் காலத்து அரைகுறைப் பிரெஞ்சைத் துணைகொண்டு அதன் பக்கங்களைப் புரட்டியபோது எழுந்த எண்ணங்களை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

நூலை மதிப்பிடுமுன் அது பிறந்த மண்ணை அறிதல் நன்று. கரீபியக் கடலில் 750 சதுர கிலோமீட்டர் பரப்பே உள்ள சிறு தீவு தொமினிக்கா. எரிமலைகள் எழுப்பிய சிகரங்கள். அவற்றின்மீது ஆண்டுக்கு 7000 மில்லிமீட்டருக்கு மேல் பொழியும் மழை. அம்மழையில் செழித்த அடர்காடு. 1493 நவம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை, கொலம்பஸ் தம் இரண்டாம் பயணத்தில் இத்தீவைக் கண்டார். கப்பலை நிறுத்த இடம் வாய்க்காமல் கடந்து சென்றார். செல்லும்போதே ஆண்டவரின் நாளை நினைந்து ஒரு பெயரையும் இட்டுச் சென்றார். அப்பெயரே நிலைத்தது.

நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் அங்கு வந்த பிரெத்தோன், தொமினிக்கன் சபைத் துறவி. 1635-இல் குவாதலூப் தீவை அடைந்து, 1640-களில் தொமினிக்காவின் பூர்வ குடிகளிடையே வாழச் சென்றார். அவர் தீவுக்குப் பெயர் இடவில்லை. அதன் பெயரைக் கேட்டார். 'வாய்த்துக்குபுலி' என்றார்கள், எழுதிக்கொண்டார். 'உயர்ந்தது அவள் உடல்' என்று அதற்குப் பொருள் கூறுவர். கொலம்பஸ் கண்டதும் அதே மலைகளைத்தான்.

இனி நூலுக்கு வருவோம். மொழியை விளக்கும்பொருட்டு வரலாற்றுக் குறிப்புகள் பல கலந்தது என்று அதன் தலைப்பே அறிவிக்கிறது. தோணி, மரவள்ளி, மீன், மரம் எனச் சொற்கள் அகர வரிசையில் நிற்க, ஒவ்வொன்றின் பின்னும் அதைச் செய்த கையும் உண்ட வாயும் தென்படுகின்றன. அம்மக்களிடையே ஆடவர் சொல் வேறு, பெண்டிர் சொல் வேறு என்ற அரிய வழக்கு இருந்தது. பிரெத்தோன் இரண்டையும் பதிந்தார். ஆடவர் தம்மைக் 'கலினாகோ' என்றும், பெண்டிர் 'கலிப்போனாம்' என்றும் அழைத்ததைக் குறித்துவைத்தார். பெண்களின் பேச்சையும் செவிமடுத்த அக்காலத்துத் துறவி நம் வணக்கத்திற்கு உரியவர்.

குறைகளை மறைத்தலும் திறனாய்வு ஆகாது. தம்மோடு வாழ்ந்தவர்களை நூல் நெடுகிலும் 'காட்டுமிராண்டிகள்' என்றே அவர் குறிக்கிறார். அவர்களே சொன்ன பெயர் உள்ளே இருக்க, அட்டையில் பிறர் இட்ட 'கரீப்' என்ற பெயர் நிற்கிறது. 'மாபோயா' என்ற ஆவியை ஐரோப்பியப் பேயின் அளவுகோலால் அளந்து முடித்துவிடுகிறார். இன்று அத்தீவுகளில் மாபோயா என்பது ஒருவகைப் பல்லியின் பெயர். காலம் பேயைப் பல்லியாக்கிவிட்டது! பிறருடைய நம்பிக்கையைக் கேட்கும்போது மட்டும் செவி மந்தமாகிவிடும் இக்குறை அவரோடு முடிந்துவிட்டதாக நாம் எண்ணவில்லை.

புதிதாக வரும் மறைபரப்புநர்களுக்கு உதவவே அவர் இதைத் தொகுத்தார். அந்நோக்கத்தால் அளந்தால் தோல்வியே மிகுதி. அங்கு அவரிடம் திருமுழுக்குப் பெற்றோர் மிகச் சிலரே. பணி அறிக்கையில் எழுதத்தக்க எண்ணிக்கை அவரிடம் இல்லை. ஆண்டுதோறும் அத்தகைய அறிக்கையை நிரப்பும் நமக்கு இது உறுத்துகிறது.

பின்னர் நடந்தது என்ன? 1763-இல் தீவு ஆங்கிலேயர் வசமாயிற்று. கரும்புக்கு ஏற்ற சமவெளி குறைவாதலால் காடு பெரும்பாலும் தப்பியது. காட்டை அண்டிப் பூர்வ குடிகளும், தப்பியோடிய அடிமைகளும் பிழைத்தனர். 1903-இல் கிழக்குக் கரையில் பூர்வ குடிகளுக்கென ஏறத்தாழ 3700 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. மொழியோ தப்பவில்லை, 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொமினிக்காவில் அதைப் பேசிய கடைசி நாவும் ஓய்ந்தது. அதன் வழிவந்த கரிபுனா மொழி மட்டும், 1797-இல் செயிண்ட் வின்சென்ட் தீவிலிருந்து நாடுகடத்தப்பட்டோரின் சந்ததியாரிடம் நடு அமெரிக்கக் கரையில் வாழ்கிறது. 2017 செப்டம்பரில் மரியா சூறாவளி தொமினிக்காவின் காட்டை இலையின்றி உரித்தது. காடு மீண்டும் துளிர்த்தது. இறந்த மொழி அவ்வாறு துளிர்ப்பதில்லை.

ஆனால் 2011-இல் தீவின் நெடுக அமைந்த மலைப்பாதைக்கு வாய்த்துக்குபுலி என்று பெயர் சூட்டினர். 2015-இல் அம்மக்களின் நிலப்பகுதி 'கரீப்' என்ற பெயரைக் களைந்து சட்டப்படி 'கலினாகோ' ஆயிற்று. இழந்த பெயரை மீட்க முனைந்தவர்களுக்கு, முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு துறவி மையால் பொறித்த சான்று இருந்தது. அவர் கற்பிக்கச் சென்றது பெரிதும் உதிர்ந்தது. கேட்டு எழுதியது நின்றது. அவர் பேரப்பிள்ளைகளுக்கென எழுதியதை அவரே அறியார்.

இவ்வகராதியை மூடியபின் நம் பங்கின் வீடுகளை எண்ணிப் பார்த்தோம். எத்தனை வீடுகளில் நாம் பேசியிருக்கிறோம் என்பதற்குக் கணக்கு உண்டு. எத்தனை வீடுகளில் கேட்டோம் என்பதற்கு இல்லை.