இராமநாதனின் இரு வாதங்கள்

சேர் பொன்னம்பலம் இராமநாதனைப் பற்றி எம்மவர் எழுதியவற்றை நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். அவரைப் போற்றுவோர் 1915ஆம் ஆண்டோடு நின்றுவிடுகின்றனர். தூற்றுவோர் 1928ஆம் ஆண்டிலிருந்தே தொடங்குகின்றனர். இராணுவச் சட்டத்தின் கொடுமையைச் சட்டநிரூபண சபையில் கண்டித்த வீரர் ஒருவர். சர்வசன வாக்குரிமையை அதே சபையில் எதிர்த்த பழைமைவாதி வேறொருவர் என்பதுபோல இரு சித்திரங்கள் எம்மிடையே உலவுகின்றன. இவ்விரண்டும் ஒரே மனத்தில் எவ்வாறு உடனுறைந்தன என்று கேட்போர் அரியர். அவ்வினாவையே இக்கட்டுரை எழுப்ப முற்படுகின்றது.

1915 மே 28ஆந் திகதி இரவு கண்டியில் தொடங்கிய கலகம் விரைவிற் பல மாவட்டங்களுக்குப் பரவியது. சிங்களக் கும்பல்கள் முஸ்லிம்களைத் தாக்கின. கடைகளும் பள்ளிவாசல்களும் சூறையாடப்பட்டன. ஆளுநர் சேர் றொபேட் சாமர்ஸ் ஜூன் 2ஆந் திகதி இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தார். கலகம் சில நாட்களில் ஓய்ந்தது. இராணுவச் சட்டமோ ஆகஸ்ட் 30 வரை நீடித்தது. அக்காலத்திற் பஞ்சாபிப் படையினரும், ஆயுதந் தரித்த ஐரோப்பியத் தொண்டர்களும் விசாரணையின்றிச் சுட்டமை, எட்வேட் ஹென்றி பேதிரிஸ் என்னும் இளைஞர் இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி ஜூலை 7ஆந் திகதி சுட்டுக் கொல்லப்பட்டமை, டி. பி. ஜயதிலக, சேனநாயக்க சகோதரர் முதலானோர் சிறையிடப்பட்டமை ஆகியன யாவரும் அறிந்தவை. சிங்கள மக்களிடமிருந்து நட்டஈட்டை அறவிடச் சட்டம் ஆக்கப்பட்டது. அதிகாரிகள் மீது வழக்குத் தொடர இயலாதவாறு பொறுப்புவிலக்குக் கட்டளையும் பிறந்தது.

இந்நிலையிலேயே இராமநாதன் பேசினார். அவருடைய வாதத்தின் வலிமை உணர்ச்சியில் இல்லை, காலவரிசையில் இருந்தது. கலகம் எப்போது அடங்கிற்று? சிவில் நீதிமன்றங்கள் திறந்திருந்தனவா? திறந்திருந்தனவாயின், இராணுவ நீதிமன்றத்துக்கு என்ன தேவை இருந்தது? அரசுக்கு எதிரான கிளர்ச்சி என்று அதிகாரிகள் கூறியதற்குச் சான்று எங்கே? 1892 முதல் 1906 வரை சொலிசிற்றர் ஜெனரலாக அரசாங்கத்தின் பக்கத்தில் நின்று வாதாடியவர், அரசாங்கம் கற்றுத்தந்த ஆயுதத்தையே அதன் மீது திருப்பினார் எனலாம். இவ்விடயம் பற்றி 1916இல் இலண்டனில் வெளியான அவரது நூலைப் படிப்போர் இன்றும் அதன் தருக்க ஒழுங்கை வியக்காதிருக்க முடியாது. பொது அமைதியைக் காத்தல் என்னும் பெயரால் அரசு செய்வனவற்றைச் சட்டத்தின் அளவுகோலால் அளக்கவேண்டும் என்பதை இந்நாட்டுச் சபையொன்றில் இத்துணைத் தெளிவாக நிறுவிய உரைகள் அதற்கு முன்னர் இருந்தனவாகத் தெரியவில்லை. 1915க்குப் பின்னரும் இந்நாடு அவசரகாலச் சட்டங்களின் கீழ்ப் பல்லாண்டுகள் வாழ்ந்திருக்கிறது. அந்த அனுபவத்தோடு படிக்கையில் அவ்வுரைகளின் பெறுமதி மேலும் விளங்கும்.

எனினும் அவ்வாதத்தில் ஒரு வெற்றிடம் உண்டு. அரசாங்கக் கணக்கின்படி கலகக்காரரால் 25 முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். நாலாயிரத்துக்கு மேற்பட்ட கடைகள் கொள்ளையிடப்பட்டன. சிறையிலிருந்த சிங்களத் தலைவர்களுக்காக வாதாடியவர் இவர்களின் துயருக்கு அளித்த இடம் மிகச் சிறிது. சோனகர் இனத்தால் தமிழரே என 1880களில் எழுதியவர் இராமநாதன்; அக்கூற்று அச்சமூகத்தினரிடையே எழுப்பிய கசப்பு 1915க்குள் ஆறியிருக்கவில்லை. தமிழரென்று தாம் உரிமை பாராட்டிய ஒரு மக்கட்கூட்டம் அடிபட்டபோது அவர் குரல் அடிபட்டோர் பக்கத்தில் ஓங்கி ஒலிக்கவில்லை என்பது முஸ்லிம்களின் நீண்டகால மனக்குறை. அதனை எம்மவர் எழுதிய வரலாறுகள் பெரும்பாலும் கடந்து செல்கின்றன.

இனி 1928. டொனமூர் ஆணைக்குழு வருமுன்னர் எழுத்தறிவும், சொத்து அல்லது வருமானமும் உடையோரே வாக்காளர். இவர்கள் சனத்தொகையில் நூற்றுக்கு ஏறத்தாழ 4 பேர் மாத்திரமே. ஆணைக்குழு இத்தடைகளை நீக்கும்படி கூறியது. இனவாரிப் பிரதிநிதித்துவத்தையும் ஒழிக்கும்படி கூறியது. இராமநாதன் இரண்டையும் எதிர்த்தார். இவ்விரு எதிர்ப்புகளையும் ஒன்றாகக் கட்டி ஏற்பதோ தள்ளுவதோ தவறு என்பது என் கருத்து. பெரும்பான்மையின் எண்ணிக்கை பலம் சிறுபான்மையினரை நசுக்கும் என்ற அச்சம் வெறுங்கற்பனை அன்று. 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்கள் மலையகத் தமிழரிடமிருந்து குடியுரிமையையும் வாக்கையும் பறித்தபோது அது மெய்யாயிற்று. ஆனால் அதே நிகழ்ச்சி அவருடைய மற்றைய வாதத்தை உடைக்கின்றது. வாக்கற்ற மக்களுக்கு யாது நேரும் என்பதற்குத் தோட்டத் தொழிலாளரைவிடச் சிறந்த சான்று வேண்டுமா?

அம்மற்றைய வாதமோ சாதிப்படிநிலையைக் காக்கும் வாதமே. கல்லாதோருக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் வாக்களித்தல் கும்பலாட்சிக்கு வழிகோலும், இந்து வாழ்க்கைமுறைக்கு ஒவ்வாது என்பதே அதன் சாரம். 1915இல் மணிக்கணக்கும் நாட்கணக்கும் கேட்டவர் இங்கு எச்சான்றும் கேட்கவில்லை. பெண்கல்விக்கெனக் கல்லூரி நிறுவியவர், பெண்களுக்கும் வாக்களிக்க முன்வந்த சீர்திருத்தத்தை எதிர்த்தார். அவர் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி வளவிலேதான் 1974இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் எழுந்தது. அவர் வகுத்த தகுதிக்கோட்டின்படி அங்கு கற்றோர் எத்தனை பேரின் பேரன் பேர்த்தியர் வாக்காளர் பட்டியலுக்கு வெளியே நின்றிருப்பர் என்பது சிந்தித்தற்குரியது.

இவற்றை முரண்பாடு என்று கூறி அமைதல் எளிது. நான் அதில் முரண்பாடு காணவில்லை. இராமநாதன் சபையிலும் வழக்கறிஞராகவே இருந்தார். அவருக்கு மக்கள் என்போர் கட்சிக்காரர். அவர்களுக்காகப் பேசுதல் கற்றோர் கடன். அவர்கள் தாமே பேசுதல் நீதிமன்ற ஒழுங்கைக் குலைப்பது போன்றது. 1911இல் அவரைத் தெரிந்தெடுத்த ‘படித்த இலங்கையர்’ தொகுதியில் வாக்காளர் மூவாயிரம் அளவினரே. அத்தேர்தலிற் சிங்கள வாக்காளர் பலர் தமிழரான அவரைத் தெரிந்தமைக்குச் சாதி உணர்வும் காரணம் என்பர் வரலாற்றாசிரியர். அம்மூவாயிரத்தின் ஆணையைக் கொண்டே அவர் முழு நாட்டுக்காகவும் பேசினார்; பேசியதும் நன்றாகவே பேசினார். அந்த வெற்றியே அவரை மயக்கிற்று போலும்.

இதற்கு மறுமொழி சபைக்கு வெளியேயிருந்து வந்தது. 1915இல் இராணுவச் சட்டத்தின் கீழ்ச் சிறைப்பட்டவருள் ஏ. ஈ. குணசிங்காவும் ஒருவர். அவரே பின்னர் தொழிற்சங்கத் தலைவராகி, டொனமூர் ஆணைக்குழுவின் முன் தொழிலாளருக்கு வாக்கு வேண்டும் என்று கேட்டார். இலங்கைத் தேசிய காங்கிரசின் பெரியோர்கூட அதனைக் கேட்கத் துணியவில்லை. இராமநாதன் யாருடைய உரிமைக்காக வாதாடினாரோ அவர்களுள் ஒருவர் தம் வழக்கைத் தாமே நடத்த முன்வந்துவிட்டார். வழக்கறிஞருக்கு அது பிடிக்கவில்லை.

1929 டிசெம்பரில் 19க்கு 17 என்ற வாக்குகளால் சபை டொனமூர் திட்டத்தை ஏற்றது. இராமநாதன் 1930இல் இலண்டன் சென்று முறையிட்டும் பயன் விளையவில்லை. அவ்வாண்டு நவம்பரில் அவர் மறைந்தார். 1931இல் முதலாவது சர்வசன வாக்குரிமைத் தேர்தல் நடந்தபோது, திட்டம் பூரண சுயராச்சியம் தரவில்லை என்று கூறி யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரிப்பை நடத்தியது. அவ்வாலிபர் சாதியை வெறுத்தவர். இராமநாதனின் கொள்கைக்கு நேர் எதிரானவர். ஆயினும் குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் எவரும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. முதன்முறையாக வாக்குப் பெற்ற யாழ்ப்பாணத்துக் கூலியாளும் குடிமகளும் அதனைப் பயன்படுத்த 1934ஆம் ஆண்டு இடைத்தேர்தல் வரை காத்திருக்க நேர்ந்தது. அம்முறையும் அவர்களைக் கேட்டு முடிவெடுத்தவர் எவருமிலர்.